எந்தக் கேள்விக்கு எந்தச் சான்று? தொழில்நுட்பம், சட்டம், அறிவியல் பற்றி வாதிடத் தொடங்குவோருக்கு

"செல்போன் கோபுரத்தால் புற்றுநோய் வரும், அது சட்டவிரோதம், உடனே அகற்ற வேண்டும்." ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற இந்த வரிக்குள் நான்கு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையில் எவ்வளவு உடலை வந்தடைகிறது என்பது தொழில்நுட்பம். அந்த அளவு அலை உயிரணுவை என்ன செய்யும் என்பது அறிவியல். அனுமதித்த வரம்பு எது, மீறினால் யார் பொறுப்பு என்பது சட்டம். அகற்ற வேண்டுமா என்பது இந்த மூன்றுமே இல்லை. அது நாம் எதை எதற்கு விட்டுக்கொடுக்கத் தயார் என்கிற கொள்கைக் கேள்வி.

நான்குக்கும் சான்று வேறு வேறு. நம் பழைய தருக்கத்தில் இதற்கு நல்ல சொல் உண்டு: அளவை. கண்டு அறிவது காண்டல், கண்டதிலிருந்து ஊகித்து அறிவது கருதல், ஏற்கப்பட்ட வாக்கிலிருந்து அறிவது உரை. அறிவியலில் காண்டலும் கருதலும்தான் செல்லும். எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சொன்னார் என்பதே சான்றாகிவிடாது. சட்டத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே உரைதான் எல்லாம்: சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு அதிகாரமுள்ள நீதிமன்றம் என்ன பொருள் சொன்னது. தொழில்நுட்பம் இரண்டுங்கெட்டான். பாதியை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், மீதிக்கு வரையறை ஆவணத்தைப் புரட்ட வேண்டும்.

விவாதங்கள் முட்டுச்சந்தில் போய் நிற்பது பெரும்பாலும் அளவை மாறிப்போவதால்தான். ஒரு மருந்து தீங்கானதா என்ற பேச்சில் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னதைச் சான்றாகக் காட்டுவார் ஒருவர். நீதிமன்றம் தீர்த்தது தன் முன் வைக்கப்பட்ட ஆவணங்களைக் கொண்டு இரு தரப்புக்கு நடுவே எழுந்த தகராறை, உயிரியலை அல்ல. எதிரே இருப்பவரோ, "ஆய்வில் தீங்கில்லை என்று வந்திருக்கிறதே, பிறகு எப்படிக் குற்றமாகும்?" என்பார். தீங்கில்லாத பலவற்றுக்கும் உரிமம் தேவைப்படும், உரிமம் இல்லாவிட்டால் குற்றம்தான்.

முதல் படி: கூற்றைப் பிரித்து எழுதுங்கள்

பதில் எழுத உட்காரும் முன், எதிர்த்தரப்பு சொன்னதை வரிக்கு ஒரு கூற்றாக இறக்குங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அறி, சட், தொழி, கொள் என்று ஒரு குறி போடுங்கள். ஐந்து நிமிட வேலை. குறி போட்டதும், "இது பொய்யாக இருந்தால் எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கலாம்?" என்று ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். பதிலே வராத வரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். "பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் மறைக்கின்றன" என்பது அந்த வகை. எதைக் காட்டினாலும் அதுவும் மறைத்ததில் ஒரு பகுதி என்று ஆகிவிடும்.

பிரித்த பிறகு ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றை "இவற்றைப் பற்றி இப்போது பேசவில்லை" என்று வெளிப்படையாக ஒதுக்குங்கள். சொல்லாமல் விட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: சொல்லை நிலைநிறுத்துங்கள்

தமிழில் வாதிடுவோருக்கு இந்தப் படி கூடுதல் முக்கியம். சில சொற்கள் நம்மிடம் இரட்டை வேலை பார்க்கின்றன.

"காப்புரிமை" என்பதைப் பாடலுக்கும் சொல்கிறோம், மருந்துக்கும் சொல்கிறோம். பாடல், கட்டுரை, மென்பொருள் நிரல் ஆகியவற்றுக்குக் கிடைப்பது பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது காப்புரிமை. பெயருக்கும் சின்னத்துக்கும் கிடைப்பது வணிகச் சின்ன உரிமை. மூன்றும் வேறு வேறு சட்டம், வேறு வேறு ஆயுள். பதிப்புரிமை எழுதிய கணமே பிறக்கிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி பதிவு தேவையில்லை, ஆசிரியர் மறைந்தபின் குறைந்தது 50 ஆண்டு நீடிக்கும், பல நாடுகளில் 70. காப்புரிமை விண்ணப்பித்து வாங்க வேண்டியது, பொதுவாக விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. வணிகச் சின்னத்தைப் பயன்படுத்தி, புதுப்பித்துக்கொண்டே இருந்தால் முடிவே இல்லை. "20 வருஷம் ஆச்சு, காப்புரிமை போயிருக்கும், பாட்டை எடுத்துக்கலாம்" என்ற வாதம் இந்த ஒரு சொல்லில்தான் தடுக்கி விழுகிறது.

"தடை" என்ற செய்தித் தலைப்பும் அப்படியே. சட்டத்துக்கு நீதிமன்றம் தடை என்றால் பெரும்பாலும் அது இடைக்காலத் தடை. வழக்கு முடியும்வரை நிறுத்தி வைப்பது. ரத்து என்பது வேறு. மனு "தள்ளுபடி" என்றால் மனுதாரர் சொன்னது பொய் என்று தீர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. தாமதமாக வந்தார், தவறான நீதிமன்றத்துக்கு வந்தார் என்பதற்காகவும் தள்ளுபடி ஆகும்.

"சக்தி"யும் சண்டை மூட்டும் சொல். திறன் என்பது வேகம், வாட் கணக்கில் வரும். ஆற்றல் என்பது மொத்தம், வாட்-மணியில் வரும். 1 கிலோவாட் ஹீட்டர் 2 மணி நேரம் ஓடினால் 2 கிலோவாட்-மணி. "ஆண்டுக்கு இத்தனை மெகாவாட் உற்பத்தி" என்று ஒரு கட்டுரை சொன்னால், அந்த எண்ணை மேற்கோள் காட்டாதீர்கள். எழுதியவருக்கே எதைச் சொல்கிறோம் என்று தெரியவில்லை.

"விதி" இன்னொன்று. மூர் விதி இயற்கை விதி போலப் பேசப்படுகிறது. அது சில்லுகளில் டிரான்சிஸ்டர் எண்ணிக்கை ஆண்டுக்கு இருமடங்காவதாக 1965இல் கார்டன் மூர் கவனித்துச் சொன்ன ஒரு போக்கு. 1975இல் அவரே இரண்டு ஆண்டு என்று திருத்தினார். மறுபக்கம், பரிணாமக் கோட்பாடு "வெறும் கோட்பாடுதானே" என்பவர் கோட்பாட்டையும் கருதுகோளையும் குழப்புகிறார். சோதிக்கப் போகும் ஊகம் கருதுகோள். பல வழிகளில் சோதிக்கப்பட்டு நின்று, விளக்கும் வல்லமை பெற்ற கட்டமைப்பு கோட்பாடு. அதற்கு மேல் உயர்த்த வேறு பதவி இல்லை.

மூன்றாம் படி: அறிவியல் கூற்று என்றால்

ஆய்வின் நிலை என்ன என்பதை முதலில் பாருங்கள். மதிப்பாய்வுக்கு முன் போடும் முன்னச்சா, மதிப்பாய்வு முடிந்து இதழில் வந்ததா, பல ஆய்வுகளைத் திரட்டிய முறைசார் மீளாய்வா? 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையில் மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) என்று தென் கொரியக் குழுவின் முன்னச்சு சொன்னது. உலகமே துள்ளியது. ஆகஸ்ட் நடுவிலேயே, மின்தடை திடீரென விழுந்ததற்குக் காரணம் மாதிரியில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடு என்று மற்ற ஆய்வகங்கள் காட்டிவிட்டன. முன்னச்சை மேற்கோள் காட்டுவதில் தவறில்லை, "இது முன்னச்சு" என்று சேர்த்துச் சொல்லும்வரை. இதழில் வந்ததும் இறுதியல்ல. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்த 1998ஆம் ஆண்டின் லான்செட் கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது. 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அது திரும்பப் பெறப்பட்டது தெரியாமல் இன்றும் காட்டுவோர் உண்டு. ஆகவே எந்தக் கட்டுரையைக் காட்டும் முன்பும் இதழின் பக்கத்தில் "திரும்பப் பெறப்பட்டது" என்ற குறிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கட்டுரையைச் சுருக்கத்திலிருந்து படிக்காதீர்கள். யாரை ஆய்ந்தார்கள் (மனிதரா, எலியா, தட்டில் வளர்த்த உயிரணுவா), எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், அட்டவணையில் என்ன எண் என்று இந்த வரிசையில் போங்கள். சுருக்கம் ஆய்வாளரின் சொந்த வாதம், அட்டவணைதான் சாட்சி.

அடுத்து எண். விவாதத்தில் மிக அதிகமாக ஏமாறும் இடம் ஒப்பீட்டு இடர். 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை நாளொன்றுக்கு 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் இடர் 18 சதவீதம் கூடுகிறது என்றது. "நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய்" என்று அது பரவியது. ஒரு பேச்சுக்கு, 100 பேரில் 5 பேருக்கு எப்படியும் வரும் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதம் கூடினால் 5.9. நூறு பேரில் ஒருவர்கூட முழுதாகக் கூடவில்லை. சதவீதம் கூடியது என்று யார் சொன்னாலும், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அதே முகமையின் வகைப்பாடும் தவறாகப் படிக்கப்படுகிறது. பதப்படுத்திய இறைச்சி முதல் வகை, புகையிலையும் முதல் வகை. ஆகவே இரண்டும் சமம் என்பார்கள். அந்த வகைகள் சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கின்றன, தீங்கு எவ்வளவு பெரிது என்பதை அல்ல. செல்போன் அலைகள் 2011இல் வைக்கப்பட்ட 2பி வகைக்கு "ஒருவேளை இருக்கலாம், சான்று குறைவு" என்று பொருள். கோபுர வாதத்தில் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அலையின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தூரத்திலிருக்கும் கோபுரத்தைவிடக் காதில் ஒட்டிய கருவியிலிருந்தே தலைக்கு வழக்கமாக அதிகம் சேருகிறது. கோபுரத்துக்கு எதிராகக் கொடி பிடிப்பவர் கையிலும் செல்போன் இருக்கும். அதைச் சுட்டிக்காட்டிக் கிண்டல் செய்யத் தோன்றும், செய்யாதீர்கள். சிரிப்பு வரும், வாதம் நின்றுவிடும்.

சோதனைகளின் துல்லியம் பற்றிய பேச்சில் அடிப்படை விகிதத்தை, அதாவது தேடுகிற பொருள் மொத்தத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை, கேளுங்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோயில்லாதவரில் 5 சதவீதத்தினருக்குத் தவறாக "இருக்கிறது" என்று காட்டும் சோதனை. ஆயிரம் பேரைச் சோதித்தால் உண்மையான நோயாளி ஒருவர், பொய்யாகச் சிக்குபவர் சுமார் 50 பேர். "இருக்கிறது" என்று வந்தவருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. முக அடையாளக் கருவி "95 சதவீதம் சரி" என்று விற்கப்படும்போதும் இதே கணக்கைப் போடுங்கள்.

மொத்தக் கணக்கு ஒன்று சொல்ல, பிரித்த கணக்கு எதிர்மாறாகச் சொல்வதும் உண்டு. சிறுநீரகக் கல் சிகிச்சை பற்றி 1986இல் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பாடநூல் உதாரணம். திறந்த அறுவை 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, 78 சதவீதம். சிறு துளை வழியே கல்லை எடுக்கும் புதுமுறை 350இல் 289, 83 சதவீதம். புதுமுறைதான் மேல் போலிருக்கிறது. கல்லின் அளவைக் கொண்டு பிரித்தால்: சிறிய கல்லில் அறுவை 93 (87இல் 81), புதுமுறை 87 (270இல் 234). பெரிய கல்லில் அறுவை 73 (263இல் 192), புதுமுறை 69 (80இல் 55). இரண்டிலும் அறுவையே மேல்! கடினமான பெரிய கற்கள் பெரும்பாலும் அறுவைக்கே அனுப்பப்பட்டதால் அதன் மொத்த மதிப்பெண் இறங்கியது. ஆகவே இரு குழுக்களை ஒப்பிடும் எந்த எண்ணிலும், யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதை முடிவு செய்தது யார் என்று கேளுங்கள். குலுக்கல் முறையா, மருத்துவரா, நோயாளியின் பணப்பையா?

"ஆய்வில் தொடர்பு இல்லை என்று நிரூபணம்" என்ற வாக்கியத்தைச் சந்தேகியுங்கள். ஒப்பீட்டு இடர் 1.2 (1 என்றால் வேறுபாடு இல்லை), நம்பக இடைவெளி (உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை) 0.8 முதல் 1.8 என்று அட்டவணை சொன்னால், இடர் 20 சதவீதம் குறைந்திருக்கலாம், 80 சதவீதம் கூடியும் இருக்கலாம். தொடர்பு இல்லை என்று அது காட்டவில்லை. தெரியவில்லை என்று காட்டுகிறது. 0.97 முதல் 1.03 என்றிருந்தால் "இருந்தாலும் மிகச் சிறியது" என்று தைரியமாகச் சொல்லலாம். ஒற்றை ஆய்வின் பி மதிப்பு (உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே என்பதும் முத்திரை அல்ல. 2015இல் உளவியல் ஆய்வுகள் நூறைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் காட்டியிருக்க, மறுசெய்கையில் 36 சதவீதமே காட்டியது.

நான்காம் படி: சட்டக் கூற்று என்றால்

எந்த நாடு, எந்தத் தேதி. இரண்டுக்கும் பதில் இல்லாமல் ஒரு வரி எழுதாதீர்கள். பிறர் படைப்பை அனுமதி இல்லாமலே பயன்படுத்தலாம் என்பதற்கு "நியாயமான பயன்பாடு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தின் நான்கு காரணிச் சோதனை. வேறு பல நாடுகளில் எந்தெந்த நோக்கங்களுக்கு விலக்கு என்று பட்டியலே சட்டத்தில் இருக்கும். "30 விநாடி வரை எடுத்தால் பரவாயில்லை" என்ற விதி அந்த நான்கு காரணிகளில் எதிலும் இல்லை. "நன்றி" போட்டால் அனுமதி ஆகாது. பேச்சுரிமையும் அப்படி: அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை. ஒரு தனியார் நிறுவனம் பதிவை நீக்கியதை அதைக் கொண்டு எதிர்க்க முடியாது. அந்த நீக்கம் தவறு என்று வாதிடலாம், ஆனால் அது கொள்கை வாதம்.

அடுத்து, கையில் இருப்பது என்ன ஆவணம்? மசோதாவா, நிறைவேறிய சட்டமா, சட்டத்தின் கீழ் வந்த விதிகளா, வெறும் வழிகாட்டுதலா? நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்த தேதி தனி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2016இல் நிறைவேறியது, 2018 மே 25 முதல்தான் பொருந்தியது. அதைப் பற்றிய இரண்டு பொதுத் தவறுகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒன்று, "ஒப்புதல் இல்லாமல் தரவைத் தொடவே கூடாது" என்பது. ஒப்புதல் என்பது 6ஆம் பிரிவு அடுக்கும் ஆறு சட்ட அடிப்படைகளில் ஒன்று மட்டுமே. மற்றொன்று, "அபராதம் 2 கோடி யூரோ". அது உச்சவரம்பு, அதுவும் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் கூடுதலாக இருந்தால் அந்த 4 சதவீதமே வரம்பு. உச்சவரம்பைத் தண்டனை என்று எழுதுவது செய்தித் தலைப்பு வேலை.

பிரிவைப் படிக்கும்போது வரையறைப் பிரிவை முதலில் படியுங்கள். பேச்சு வழக்கில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பது அங்கே எடுபடாது. "என்று பொருள்படும்" என முடியும் வரையறை மூடியது. பட்டியலுக்கு வெளியே எதுவும் சேராது. "உள்ளடங்கும்" என்றால் திறந்தது. பட்டியல் உதாரணம் மாதிரி. இந்த ஒரு வினைச்சொல்லில் வழக்குகள் திரும்பியிருக்கின்றன. "செய்யலாம்", "செய்தல் வேண்டும்" என்பதற்கும் அதே கவனம். பிறகு "ஆனால்" என்று தொடங்கும் காப்புரையைப் படியுங்கள். முழுப் பிரிவையும் மேற்கோள் காட்டிவிட்டுக் காப்புரையை விழுங்குவது விவாதத்தில் கண்டுபிடிக்க எளிதான ஏமாற்று. கண்டுபிடித்துவிட்டால் எதிராளியின் மற்ற மேற்கோள்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா? இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் செல்லாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் அதன் கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன; 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. காவல் நிலையத்துக்கே இந்தக் கதி என்றால், பழைய பிரதியை வைத்து வாதிடுபவர் எங்கே நிற்பார்?

தீர்ப்பைக் காட்டுவது என்றால், தலைப்புக் குறிப்பை நம்பாமல் தீர்ப்பையே திறந்து நான்கு விஷயம் பாருங்கள்: எந்த நிலை நீதிமன்றம், மேல்முறையீடு ஆனதா, நீங்கள் எடுத்த வரி பெரும்பான்மைத் தீர்ப்பா மாறுபட்ட தீர்ப்பா, அந்த வரி முடிவுக்குத் தேவையான காரணமா அல்லது போகிறபோக்கில் சொன்னதா. மனுதாரரின் வாதத்தைத் தீர்ப்பு எடுத்துரைக்கும் பத்தியை நீதிமன்றத்தின் கருத்து என்று காட்டுவது அடிக்கடி நடக்கிறது. "என்று வாதிடப்பட்டது" என்ற சொல் இரண்டு பத்திக்கு மேலே இருக்கும்.

நீதிமன்றம் எதைத் தீர்க்கவில்லை என்பதும் முக்கியம். கூகுள்–ஆரக்கிள் வழக்கு இதற்குச் சரியான பயிற்சி. ஆரக்கிளின் ஜாவா நிரல்மொழியில் ஏபிஐ எனப்படும், நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் இடைமுகத்தின் அறிவிப்பு வரிகள் சுமார் 11,500ஐ ஆண்ட்ராய்டுக்காக கூகுள் எடுத்ததை 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் நியாயமான பயன்பாடு என்றது. "ஏபிஐக்குப் பதிப்புரிமை கிடையாது என்று தீர்ப்பு வந்துவிட்டது" என்று இன்றும் சொல்கிறார்கள். வரவில்லை. பதிப்புரிமை உண்டு என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டு, அப்படியே இருந்தாலும் இந்தப் பயன்பாடு நியாயமானது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. முதல் கேள்வியைத் தொடவே இல்லை.

காப்புரிமைச் சண்டையில் தலைப்பையும் சுருக்கத்தையும் தாண்டி உரிமைக் கோரிக்கைகள் என்ற பகுதிக்குப் போங்கள். "வட்டமான மூலைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்" போன்ற சிரிப்புகள் அங்கே போனால் அடங்கும். கோரிக்கையில் உள்ள ஒவ்வொரு கூறும் பொருந்தினால்தான் மீறல். மேலும் அது விண்ணப்பமா, வழங்கப்பட்டதா என்று பாருங்கள். விண்ணப்பம் யாரும் எதற்கும் போடலாம்.

ஐந்தாம் படி: தொழில்நுட்பக் கூற்று என்றால்

பதிப்பு எண் இல்லாத குற்றச்சாட்டு முகவரி இல்லாத கடிதம். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை (சிவிஇ-2014-0160) வெளிவந்தபோது, இணையத் தொடர்பை என்கிரிப்ட் செய்யும் நிரல்தொகுப்பான ஓப்பன்எஸ்எஸ்எல் முழுவதும் போய்விட்டது என்று பேச்சு. பாதிக்கப்பட்டவை 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை, 1.0.1ஜி பதிப்பில் சரியானது, பழைய 0.9.8, 1.0.0 கிளைகளில் அந்த ஓட்டையே இல்லை. பழையதை மாற்றாமல் வைத்திருந்த சோம்பேறிகள் தப்பித்தார்கள். அப்போதைய முறையில் அதற்குக் கிடைத்த தீவிர மதிப்பெண் பத்துக்கு 5.0 மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த மதிப்பெண் ஓட்டையின் பொதுத் தன்மையைச் சொல்கிறது; உங்கள் அமைப்புக்கு என்ன ஆபத்து என்பதை அது அளக்கவில்லை.

அலகு சார்ந்த தவறுகள் விரைவில் தீரும். இணைய வேகம் பிட்டில் வரும், கோப்பு பைட்டில் இருக்கும். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் அதிகபட்சம் 12.5 மெகாபைட். 1 டெராபைட் வட்டு கணினியில் 931 என்று காட்டுவது மோசடியல்ல; ஒருவர் ஆயிரத்தாலும் மற்றவர் 1024ஆலும் எண்ணுகிறார்.

"என்கிரிப்ஷன் இருக்கிறது, பாதுகாப்பானது" என்றால், எங்கிருந்து எங்கே வரை, சாவி யாரிடம் என்று கேளுங்கள். முகவரியில் பூட்டு இருந்தால் வழியில் ஒட்டுக்கேட்க முடியாது என்று பொருள். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று பொருளல்ல. பேஸ்64 வெறும் எழுத்து மாற்றம், சாவியே இல்லை. ஹேஷ் (தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறுகிய அடையாளம்) ஒருவழிப்பாதை, அதை "டிகிரிப்ட்" செய்ய முடியாது. ஊகித்து ஒப்பிடத்தான் முடியும்.

மூலநிரல் கண்ணுக்குத் தெரிந்தால் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது; உரிமம் இல்லாத நிரலுக்கு முழுப் பதிப்புரிமை இருக்கிறது. இங்கே தொழில்நுட்பம் மீண்டும் சட்டமாகிவிடுகிறது, நான்காம் படிக்குப் போங்கள்.

ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறிமுறை ஆவணத்தைக் காட்டுவோர் அதன் தலையில் உள்ள நிலையைப் பாருங்கள். எல்லா ஆர்எஃப்சியும் தரநிலை அல்ல. தகவலுக்கு, சோதனைக்கு என்றும் உண்டு. 1990 ஏப்ரல் 1 தேதியிட்ட ஆர்எஃப்சி 1149 புறாக்கள் வழியே இணையத் தரவுப் பொட்டலம் அனுப்புவதை வரையறுக்கிறது. (2001இல் நார்வேயின் பெர்கனில் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள், ஒன்பது அனுப்பியதில் நான்குக்குப் பதில் வந்தது. முட்டாள்கள் தின நகைச்சுவைகூடச் செயல்முறைச் சோதனையில் தேறிவிட்டது.)

உங்கள் பக்கக் கூற்றை ஓட்டிக் காட்ட முடியுமானால் காட்டுங்கள்: பதிப்பு, இயங்குதளம், அமைப்பு, கட்டளை, வந்த வெளியீடு. வேகச் சோதனை என்றால் எத்தனை முறை ஓட்டினீர்கள், எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதும் வேண்டும். ஒருமுறை ஓட்டி 3 சதவீதம் வேகம் என்பது காற்றின் சத்தம்.

ஆறாம் படி: எழுதுவது

பழைய வாதமுறையில் பரபக்கம், சுபக்கம் என்று இருந்தது. முதலில் மறுதரப்பின் கொள்கை, அவரே ஏற்கும் வடிவில், பிறகு மறுப்பு, அதன்பின் தன் கொள்கை. இன்றும் இதைவிட நல்ல வரிசை இல்லை. "நீங்கள் சொல்வது இதுதானே" என்று இரண்டு வரி எழுதுங்கள். அவர் "ஆம்" என்று சொல்லாதவரை மறுப்பு தொடங்க வேண்டாம்.

ஐந்து காரணம் தெரிந்தாலும் வலுவான ஒன்றை மட்டும் வையுங்கள். எதிராளி எப்போதும் நொய்ந்ததைத்தான் பிடிப்பார், அதை உடைத்துவிட்டு மற்ற நான்கையும் வென்றதாக நடந்துகொள்வார். அவர் பக்கம் இருபது காரணத்தைக் கொட்டினால், "இவற்றில் உங்களுக்கு மிக வலுவானது எது? அது விழுந்தால் மனம் மாறுவீர்களா?" என்று கேளுங்கள். "மாறமாட்டேன்" என்றால் உங்கள் மாலைப்பொழுது மிச்சம்.

ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது உற்றுப் பார்க்கக் காரணம், மறுப்பு அல்ல. அட்டவணையில் தவறைக் காட்ட வேண்டியது இன்னும் பாக்கி. மேற்கோளுக்குப் பக்கம், பிரிவு, பத்தி எண் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்த மேற்கோளை மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டப்பட்ட, இல்லவே இல்லாத தீர்ப்புகளுக்காக 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்புகளின் பெயர், எண், தேதி எல்லாம் அச்சு அசலாக இருந்தன.

தவறு உங்களுடையது என்று தெரிந்தால், எழுதியதை அழிக்காமல் கீழே திருத்தம் போடுங்கள்: எந்த வரி தவறு, சரியானது என்ன, உங்கள் முடிவு அதனால் மாறுகிறதா. மூன்றாவதை விட்டுவிடுபவர்களே அதிகம். இதற்கு அளவுகோலாக நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆய்ந்த ஆபரா குழுவைப் பாருங்கள். 2011 செப்டம்பரில், ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளியிருந்த இத்தாலிய ஆய்வகத்துக்கு நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அளந்தார்கள். ஐன்ஸ்டைன் தோற்றார் என்று அவர்கள் எழுதவில்லை. எண்ணையும் முறையையும் வைத்து, எங்கே பிழை என்று மற்றவர்களைத் தேடச் சொன்னார்கள். 2012 பிப்ரவரியில் சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழை இணைப்பும், கடிகாரத்தில் ஒரு கோளாறும் கண்டுபிடிக்கப்பட்டன. ஜூனில் புதிய எண்ணை அறிவித்தார்கள்: வேறுபாடு இல்லை.